துப்பாக்கி கைமாறலாமா?



தகப்பனார் காலமானால் அவருடைய மாடு, சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் பிள்ளைகளைச் சேருகின்றன. நம் நாட்டில் மரணவரி 1991-இல் நீக்கப்பட்டதால், அதற்காக வரி கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் காட்டுப்பன்றி விரட்ட அவர் லைசென்சு எடுத்து வைத்திருந்த துப்பாக்கி? அதுவும் மகனைச் சேருமா? செரண்டா வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

துப்பாக்கி கைமாறுவதைத் தடுக்க அமெரிக்கா 1934-இல் வரியைக் கடிவாளமாக்கியது. இயந்திரத் துப்பாக்கியோ வெடிச் சத்தத்தை அடக்கும் குழாயோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் 200 டாலர் வரி. அன்று ஓர் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். வாங்குவோர் மலைக்கட்டும் என்பதே எண்ணம். தொகையை உயர்த்தாமலே விட்டதால் நாளடைவில் அதன் கனம் குறைந்தது. 2026 ஜனவரி முதல் சத்தம் அடக்கும் குழாய்க்கு அந்த வரி இல்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு இருக்கிறது. அனுமதியும் பதிவும் இரண்டுக்குமே வேண்டும். இறந்தவரிடமிருந்து சட்டப்படியான வாரிசுக்குப் போனால் வரி கேட்பதில்லை. ஆனால் பதிவை விடுவதில்லை.

மலேசியாவின் கடிவாளம் வேறு. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு என்பது அந்த ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. தகப்பன் பெயரில் உள்ள லைசென்சு மகனைக் காப்பாற்றாது. லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே; துப்பாக்கியின் தனிப் பாகமும் அப்படியே.

1949 மார்ச்சில், அவசரகாலத்தில், தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் ரிவால்வருடன் பிடிபட்டார். கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போனதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆயினும் ஒன்று மாறவில்லை: கையில் இருக்கும் துப்பாக்கி முதலில் பேசிவிடும், நம் எண்ணத்தைப் பிறகுதான் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே, லைசென்சுக்காரர் இறந்தால் துப்பாக்கியை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள், ஆற்றில் போடாதீர்கள். அன்றே போலீஸ் நிலையத்துக்குச் செய்தி சொல்லி, லைசென்சைக் காட்டி, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். தோட்டாக்களையும் எண்ணிக் கொடுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்துச் சீட்டு கேட்டு வாங்குங்கள். மகனுக்குத் துப்பாக்கி வேண்டுமானால் தன் பெயரில் புதிதாக மனுச் செய்யட்டும். செடி மறைவில் துப்பாக்கி கிடக்கக் கண்டால் தொடாமல் போலீசை அழையுங்கள்.

வீட்டுத் தாய்மார்களும் இதைத் தெரிந்து வைத்திருந்தால், துக்க வீட்டில் இன்னொரு துன்பம் நுழையாது.