பலூன் கடைக்குப் பின்னால்

தசரா வந்துவிட்டால் தலைநகரின் மைதானங்களில் எல்லாம் மேளா கூடிவிடுகிறது. நம் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலும் ஒன்று கூடுவதுண்டு. அங்கே இராட்டினத்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் மொய்ப்பது பலூன் சுடும் கடையைத்தான். அக்கடையை நடத்துவோரின் தொழிலைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். இன்று இரயில்வே குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் நாம், இளமையில் அத்தொழிலில் எடுபிடியாக இருந்தோம் என்பதே அதற்குக் காரணம்.

துப்பாக்கியைக் கடை பரப்பி விற்கும் சந்தைகள் உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் வார இறுதி நாட்களில் பெரிய மண்டபங்களில் அவை நடக்கின்றன. விற்பவர் மேஜைக்கு வாடகை கொடுத்து உட்காருகிறார். உரிமம் பெற்ற வியாபாரியானால், வாங்குபவரின் பூர்வோத்தரத்தை விசாரித்தே விற்க வேண்டும் என்று 1993-இல் அந்நாட்டில் சட்டம் வந்தது. உரிமமில்லாத தனி மனிதர் விற்கும்போது அந்த விசாரணை பல மாநிலங்களில் கட்டாயமில்லை என்பதால் அங்கு ஓயாத வாதம் நடந்துவருகிறது. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அத்தகைய சந்தைக்கு இடமளிக்கவில்லை. உரிமம் பெற்ற கடையில், உரிமம் பெற்றவரே துப்பாக்கி வாங்க முடியும். ஆகவே நம் ஜனங்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் கையால் தொடும் ஒரே துப்பாக்கி, திருவிழாப் பலூன் கடையின் காற்றுத் துப்பாக்கிதான்.

அதில் மருந்து இல்லை. குழலை மடக்கினால் உள்ளிருக்கும் சுருள்வில் அழுந்தி நிற்கும். விசையை இழுத்ததும் வில் விடுபட்டுக் காற்றை நெருக்க, அக்காற்று ஈயக்குண்டைத் தள்ளும். குண்டின் பருமன் நாலரை மில்லிமீட்டர். ஒரு மிளகளவே இருக்கும். விளையாட்டுத்தானே என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணமே ஆபத்து.

எம் தாய்மாமன் திருச்சியைச் சுற்றி இக்கடையை நடத்திவந்தார். சித்திரையில் சமயபுரம் தேர், ஆவணியில் வேளாங்கண்ணி, கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம், இடையில் நாகூர் கந்தூரி என்று அவருடைய பஞ்சாங்கத்தில் எல்லா மதங்களும் இருந்தன. தரை வாடகை, பலூன், குண்டு, லாரிக்கூலி எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். ஒரு மழை பெய்தால் அதுவும் கரைந்துவிடும். பள்ளி விடுமுறையில் பலூன் ஊதிக் கட்டுவது எமது வேலை. சில கடைக்காரர்கள் குறிமுள்ளைச் சற்றே வளைத்து வைப்பதுண்டு. குறி தப்பினால் பலூன் மிஞ்சும் அல்லவா? மாமன் அதைச் செய்ததில்லை. "ஏமாந்தவன் ஒரு தடவை வருவான், ஜெயிச்சவன் தம்பியையும் கூட்டிட்டு வருவான், மாப்பிள்ளை" என்பார்.

2001-ஆம் ஆண்டு சமயபுரத்தில் அது நடந்தது. பலூன் தொங்கும் பழைய பலகை விரிசல் கண்டிருந்தது. புதிதாக ஒரு பலகை வாங்கி, பலூன் கட்டுவதற்காக அதில் வரிசையாக ஆணி அடித்தோம். அடித்தது எமது கைதான். வைரம் பாய்ந்த பலகை. ஆணித் தலைகளோ இரும்பு. மறுநாள் மாலை, சுட்டவன் விட்ட குண்டு ஆணித் தலையில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையனின் கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே தைத்தது. மாமன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கண் தப்பியது. பையனின் தகப்பனார், "அம்மன் காப்பாத்தினா" என்று சொன்னாரே தவிர, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுவே மாமனை அதிகமாகச் சுட்டது.

அன்றிரவே அவர் கடையைப் பிரித்தார். எம்மை ஏசவில்லை. "சுடுறவன் பலூனைப் பார்ப்பான். கடைக்காரன் பலூனுக்குப் பின்னாலே என்ன இருக்குன்னு பார்க்கணும். பார்க்காதது நான்தான்" என்றார். அடுத்த திருவிழாவில் ஆணிப் பலகை இல்லை. பலூன்கள் கயிற்றில் தொங்கின. அவற்றின் பின்னே கனத்த சாக்குகள் இரண்டு மடிப்பாகத் தளர்வாக விடப்பட்டிருந்தன. இறுகக் கட்டிய துணி குண்டைத் திருப்பிவிடும். தளர்ந்து தொங்கும் துணி அதன் வேகத்தை வாங்கிக் கொள்ளும். வேடிக்கை பார்ப்போர் கயிற்றுக்கு இப்பால்தான் நிற்க வேண்டும். குண்டு போடுவது கடைக்காரரே. ஈயம் நஞ்சாதலால், குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் யாரும் பொரி தின்னலாகாது.

நிற்க. சென்ற தசராவில் எம் ஒன்பது வயது மகன் பலூன் கடை முன் நின்றபோது, நாம் அவனைப் பார்க்கவில்லை. பின்னிருந்த பலகையைப் பார்த்தோம். வரிசையாக ஆணிகள்! கடைக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர். எமக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னோம். "பாபுஜி, பத்து வருஷமாக இதே பலகை, ஒன்றும் ஆனதில்லை" என்றார். எமக்கும் சமயபுரத்துக்கு முதல் நாள்வரை ஒன்றும் ஆனதில்லை என்றோம். அவர் மௌனமானார். பிறகு மெல்ல, "திரைக்குத் துணி வாங்க இன்று காசில்லை" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். எம் இல்லாள், ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளத்தை எடுத்துத் தரச் சற்றே தயங்கினாள். அது அவள் தாயார் கொடுத்தது. காரணத்தைச் சொன்னதும் மறு பேச்சின்றி மடித்துக் கொடுத்தாள். கடைக்காரரும் நாமும் சேர்ந்து ஆணிகளைப் பிடுங்கினோம். பலகைக்கு முன்னே ஜமுக்காளத்தை இரட்டையாகத் தொங்கவிட்டு, அதன் முன் கயிற்றில் பலூன்களைக் கட்டினோம். முதல் குண்டு மகனுடையது. பலூன் வெடிக்கவில்லை. குண்டு ஜமுக்காளத்தில் பட்டுச் சத்தமின்றிக் கீழே விழுந்தது. அச்சத்தமின்மையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்பார்த்திருந்தோம் போலும்.

இந்த விளையாட்டை இழிவாக எண்ண வேண்டியதில்லை. கடலூரில் பிறந்து, குடும்பத்துடன் அகமதாபாத்தில் குடியேறி வளர்ந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே நாலரை மில்லிமீட்டர்க் காற்றுத் துப்பாக்கி இனந்தான். பத்து மீட்டர் தொலைவில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளியைக் குறிவைத்து, உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றவர் அவர். வெளியூர் வந்து வாழும் நம் போன்ற குடும்பத்துப் பெண் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்த அரங்கங்களில் குண்டு எங்கே சென்று நிற்கும் என்பதை முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். திருவிழாவில் அதை ஆராய்பவர் கடைக்காரர் ஒருவரே. அவருக்கு உதவி செய்யக்கூடியவர் பெற்றோரே.

ஆதலால் அன்பர்களே, பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. காசைக் கொடுக்கும் முன் பலூனுக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பலகையும் ஆணியும் தெரிந்தால், கோபிக்காமல் கடைக்காரரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவரும் ஊரை விட்டு வந்து பிழைப்பவர்தாம். எங்கள் ஜமுக்காளம் மேளா முடிந்ததும் திரும்பி வந்தது, துளைகளோடு. அதை இப்போதும் விரித்துத்தான் உட்காருகிறோம்.