வரையாமல் விட்ட கோடுகள்

கணினி நிரல் என்பது மேலிருந்து கீழாக வரிவரியாக நடைபெறும் கட்டளைத் தொகுப்பு என்ற எண்ணம் தரவோட்ட நிரல்களுக்குப் பொருந்துவதில்லை. இவற்றில் ஒவ்வொரு கணக்கீடும் தனக்கு வேண்டிய உள்ளீடுகள் வந்து சேர்ந்தவுடன் இயங்கத் தகுதி பெறுகிறது; எந்த வரி முன்னால் எழுதப்பட்டது என்பது பொருட்டன்று. 1970-களில் எம்.ஐ.டி.யில் ஜாக் டென்னிஸ் முதலியோர் வளர்த்தெடுத்த இக்கருத்து, 2015 நவம்பரில் கூகுள் வெளியிட்ட டென்சர்ஃப்ளோ என்னும் மென்பொருள் வழியாக இயந்திரக் கற்றலில் வேரூன்றியது.

கணக்கீடுகளை முனைகளாகவும், அவற்றிடையே செல்லும் தரவை அம்புகளாகவும் கொண்ட வரைவு கோட்டுரு எனப்படும். டென்சர்ஃப்ளோவின் தொடக்கப் பதிப்புகளில் பைத்தான் நிரல் இக்கோட்டுருவைக் கட்டிக் கொடுக்க, கணக்கீடு பின்னர் தனியே நடந்தமையால், பிழை நுழைந்த இடமும் அது வெளிப்பட்ட இடமும் வெகுவாக விலகி நின்றன. வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் வழக்கமான பிழைதிருத்தி, கோட்டுரு கட்டப்படுவதைக் காட்டிற்றேயன்றி அது இயங்குவதைக் காட்டவில்லை.

கோட்டுருவையே வரைந்து பார்க்கலாம் என்றால், ஆயிரக்கணக்கான முனைகள் கொண்ட ஆழ்கற்றல் மாதிரி சிக்கலான நூற்கண்டாகவே திரையில் தோன்றும். அடுக்கடுக்காக வரையப்படும் கோட்டுருவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதை மிகக் குறைவாக்குவதற்குக்கூட, எல்லா நேர்வுகளுக்கும் பொருந்தும் விரைவான வழி இன்றுவரை அறியப்படவில்லை. ஆதலால் டென்சர்போர்டு என்னும் துணைக்கருவி வேறு வழியை மேற்கொண்டது. நிரலாளர் இட்ட பெயர்களின் படிநிலையைக் கொண்டு முனைகளைக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவையும் மூடிய பெட்டியாகக் காட்டி, வேண்டும்போது மட்டும் அது திறந்து காட்டுகிறது; தொடக்க மதிப்பிடல், சேமித்தல் போன்று எங்கும் கிளைபரப்பும் துணைவேலைகளை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது. எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடுவது என்ற இந்தத் தேர்வே, கருவியின் மற்ற வசதிகள் அனைத்தையும்விட மதிப்புமிக்கது எனலாம்.

ஒரே அமைப்புடைய பெட்டிகள் ஒரே நிறம் பெறுவதால், ஒத்திருக்க வேண்டிய அடுக்குகளில் ஒன்று மட்டும் நிறம் மாறி நின்றால் ஐயம் எழுகிறது. அம்புகளின்மேல் தரவின் பரிமாணங்கள் எழுதப்படுவதால், அணிகளின் அளவு பிசகிய இடமும் புலப்படுகிறது. இவற்றைவிட நுட்பமானது, இருக்க வேண்டிய அம்பு இல்லாமற்போவது: ஓர் அடுக்கின் விளைவு பிழையளவைக் கணக்கிடும் முனையைச் சென்றடையாவிடில், அவ்வடுக்கு எதையும் கற்பதில்லை, நிரலோ எவ்விதப் பிழைச்செய்தியுமின்றி ஓடி முடியக்கூடும்.

இயக்கத்தின்போது திரட்டிய தகவலைச் சேர்த்தால், ஒவ்வொரு முனையும் எடுத்துக்கொண்ட நேரமும் நினைவகமும் நிறச்செறிவாகத் தெரியும். எனினும் முனைகளின் ஊடே செல்லும் மதிப்புகளை இப்படம் காட்டுவதில்லை. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்ததால் பிறந்த பொருளற்ற மதிப்பொன்று கோட்டுரு முழுதும் பரவிவிட்டால், அது முதலில் தோன்றிய முனையைக் கண்டறிய, மதிப்புகளைச் சோதிக்கும் தனிப் பிழைதிருத்தியைக் கொண்டு அம்புகளின் வழியே பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.