மாருதி என்ஜினைப் பின்னால் வைத்த கோயமுத்தூர்க்காரர்

எங்கள் லிங்கராஜபுரத்தில் மாருதி 800 நிற்காத தெருவே ஒரு காலத்தில் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், சந்தைக்குப் போகவும் என்று நான் நினைத்திருந்த அந்த என்ஜினில் நம் தமிழர் ஒருவர் பந்தயக் காரே செய்தார் என்று அறிந்தபோது வியந்துபோனேன்.

அவர் கோவை எஸ். கரிவரதன். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களும் ஓட்டட்டும் என்று 1980களின் கடைசியில் 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கினார். ஒரே இருக்கை. வீட்டுக் காரில் முன்னால் இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றிய 796 சி.சி. என்ஜின், இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பின்சக்கரங்களைச் சுழற்றியது. எடை பின்னால் விழுந்ததால் சக்கரங்களுக்குப் பிடிப்பு கூடியது.

அமெரிக்காவில் நேர்ப்பாதைப் பந்தய வீரர் டான் கார்லிட்ஸும் என்ஜினைப் பின்னுக்குத் தள்ளியவர்தான். 1970இல் கியர்பெட்டி வெடித்து வலது பாதத்தில் பாதியை இழந்தவர், 1971இல் பின் என்ஜின் காரில் வந்து வென்றார். அவர் நினைத்தது ஓட்டுநரின் உயிரை. நம்மவர் நினைத்தது ஓட்டுநரின் பணப்பையையும்.

நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைக் காணக் கரிவரதனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

தெருவில் பழைய மாருதி ஒன்று இருமிக்கொண்டு கிளம்பினால், இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை.