ஏழு நாள் விண்மீனும் ஞாயிற்றுக்கிழமைப் பார்வையும்

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பகுதிகளில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இரவு வானம் முகிலின்றித் துலங்கினால் தேயிலைக்கு ஆபத்து என்பது மலையகத்தார் நன்கறிந்த விடயம். நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விட, விடியலில் உறைபனி படர்ந்து கொழுந்து கருகிவிடும். கொழுந்தும் அதனை நம்பிய நாட்கூலியும் குறையும் அந்த இரவுகளே வானை அவதானிப்போருக்கு மிகச் சிறந்த இரவுகளாக அமைகின்றன. ஆண்டின் எஞ்சிய காலத்தில் முகிலும் மூடுபனியும் அவர்களது கணக்கைக் குழப்புகின்றன. பிறை பார்க்க மலையில் நின்று ஏமாந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எல்லா விண்மீன்களும் ஒரே சீராக ஒளிர்வதில்லை. திருவோணம் எனத் தமிழர் அழைக்கும் விண்மீனுக்கு மேற்குலகம் வழங்கும் அல்தேர் என்ற பெயர், ‘பறக்கும் கழுகு’ எனப் பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்ததாகும். அதற்கு நேர் தெற்கே, நீட்டிய கையின் முட்டி அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஈற்றா அக்குவிலே என்னும் மங்கலான விண்மீன் உள்ளது. நுவரெலியாவில் அது ஏறத்தாழ உச்சிக்கே வரும். 7.177 நாட்களுக்கு ஒரு முறை அது பொலிந்து மங்குகிறது. உச்ச ஒளி தாழ்ந்த ஒளியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. விண்மீனே விரிந்து சுருங்குவதால் நிகழும் மாற்றம் இது. இதனை 1784 இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் எட்வர்ட் பிகொட் கண்டறிந்தார். கருவி எதுவும் தேவையில்லை. இரண்டுக்கும் இடையே மாறாது நிற்கும் அல்ஷைன் என்ற விண்மீனைவிட இன்று கூடுதல் ஒளியா, குறைந்த ஒளியா என ஒப்பிட்டு எழுதிவந்தால் போதும்.

சிக்கல் எழுவது எழுதிவைத்த எண்களிலிருந்து ஆவர்த்தன காலத்தைக் கண்டுபிடிக்கும்போதுதான். தோட்டத் தொழிலாளி ஒருவர் ஓய்வு நாளான ஞாயிறு இரவுகளில் மாத்திரம் இவ்விண்மீனைப் பார்க்கிறார் எனக் கொள்வோம். ஏழு நாட்களுக்கொருமுறை பார்க்கும் அவருக்கு, 7.177 நாளில் சுழலும் ஒளி வாரத்துக்கு நான்கு மணித்தியாலம் அளவே பிந்தித் தெரியும். ஒரு மாதம் பார்த்தும் மாற்றமில்லை என்றே எண்ணுவார். விடாது தொடர்ந்தால் விண்மீன் சுமார் 284 நாட்களில் ஒரு சுற்று முடிப்பதாக அவரது ஏடு காட்டும். எழுதிய எண்களில் ஒன்றேனும் பிழையில்லை. முடிவு மட்டும் முற்றிலும் பிழை. சமிக்ஞை ஆய்வாளர்கள் இதனைப் போலி மீடிறன் என்பர்.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. இவ்வகை விண்மீன்களில் ஆவர்த்தன காலம் நீண்டதாயின் உண்மை ஒளியும் அதிகம் என 1912 இல் ஹென்றியெற்றா லெவிற் என்ற பெண்மணி நிறுவினார். உண்மை ஒளி தெரிந்தால் தூரம் தெரியும். அன்ரொமீடா நமது பால்வீதிக்கு வெளியே உள்ள வேறொரு விண்மீன் கூட்டம் என்பதை 1920களில் எட்வின் ஹபிள் காட்டியதும் இவ்வழியிலேயே. காலத்தில் விழும் பிழை தூரத்திலும் விழும்.

பூரியர் முறை இதற்குப் பழைய மருந்து. ஒரு மீடிறனை ஊகித்து, அதற்குரிய சைன், கோசைன் அலைகளை அளவீடுகளுடன் பெருக்கிக் கூட்டவேண்டும். அளவீடுகளில் அம்மீடிறன் உண்மையில் இருப்பின் கூட்டுத்தொகை வளரும். இல்லையேல் மிகையும் குறையும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆயினும் கணினிகளின் விரைவுப் பூரியர் வழி அளவீடுகள் சம இடைவெளியில் இருக்கவேண்டும் எனக் கேட்கிறது. முகில் அதற்கு இணங்காது. 1976 இல் நிக்கலஸ் லோம்ப், 1982 இல் ஜெஃப்ரி ஸ்கார்கிள் ஆகியோர் வகுத்த முறை, கிடைத்த நேரங்களை அப்படியே ஏற்றுக் கணிக்கிறது. விட்டுப்போன நாட்களுக்கு எண்களை இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

இரவில் மட்டுமே பார்க்க முடிவதால் இம்முறையிலும் போலிகள் தலைகாட்டும். மேற்படி விண்மீனுக்கு 28 மணித்தியாலம், 21 மணித்தியாலம் அளவிலும் முகடுகள் எழக்கூடும். வெவ்வேறு இரவுகளில் வெவ்வேறு நேரங்களில் பார்த்திருந்தால் அவை தாழ்ந்துவிடும். ஆகவே ஒழுங்கின்றி வந்துபோகும் முகில் முழுக்கப் பகையன்று. ஞாயிறுதோறும் தவறாமல் பார்ப்பவரைவிட, வானம் திறந்த இரவுகளில் பார்ப்பவரே உண்மைக்கு அண்மையில் நிற்கிறார். கிடைத்த முகடு மெய்யா எனச் சோதிக்க எளிய வழியும் உண்டு. ஒளி அளவுகளைத் திகதிகளிடையே குலுக்கிப்போட்டு மீண்டும் கணிக்கலாம். அப்போதும் அதே உயரத்தில் முகடு எழுந்தால் முதலாவதை நம்புவதற்கில்லை. பின்னர் ஒவ்வொரு நாளையும் 7.177 ஆல் வகுத்து மீதியை மட்டும் கொண்டு வரைந்தால், பல மாதத்து எண்கள் ஒரே வளைகோட்டில் வந்து படியும்: விரைவான ஏற்றம், மெதுவான இறக்கம்.

தமிழகத்தில் இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை வான்நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் ஆர் ரெட்டிக்கியுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டார். சென்னையில் 14 பாகை உயரத்துக்கே எழும் அது நுவரெலியாவில் 20 பாகை எழும். 1874 ஆம் ஆண்டின் வெள்ளிக் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலை உருது உள்ளிட்ட பல மொழிகளில் அவர் வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது. இலங்கையில் கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்கு ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 இல் நிறுவப்பட்டது. கொழும்பை அண்டிய நகர வெளிச்சத்தில் அது நிற்க, இருண்ட வானமுள்ள தோட்டங்களின் பல பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை என்பது வேதனைக்குரியது.

ஹட்டன் பக்கத்தின் தெளிந்த வானக் காலத்தில் ஈற்றா அக்குவிலே சூரியனை அண்டி மறைந்துவிடுகிறது. அது இரவில் நன்கு தெரியும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமுகில் மேற்குச் சரிவை மூடிவிடும். அதே வேளையில் ஊவாவின் பண்டாரவளை, ஹப்புத்தளை வறண்டு தெளிந்திருக்கும். இரு சரிவுகளின் மாணவரும் ஒரே ஏட்டில் எழுதினால் இடைவெளி பெருமளவு அடைபடும். திகதி, மணி, ஒப்பிட்ட விண்மீன், மதிப்பிட்ட ஒளி ஆகிய நான்கும் போதுமானவை. 1911 இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் அவதானிப்பாளர் சங்கம் எந்நாட்டவரின் குறிப்பையும் ஏற்றுக்கொள்கிறது. முகில் மூடிய இரவுக்கு எதிரே ‘பார்க்க இயலவில்லை’ என்று மட்டும் எழுதவேண்டும். நேற்றைய எண்ணை அங்கே திரும்ப எழுதிவிடக் கூடாது.