ஊராட்சி நாற்காலி காலியாகக் கிடக்கலாமா?

2020 மே 6. அன்று தமிழ்நாட்டில் புதிதாகக் கொரோனாத் தொற்று உறுதியானவர்கள் 771 பேர். அதில் சென்னைக்கு 324. அடுத்த இடத்தில் கோவையோ மதுரையோ இருக்கும் என்று பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. அங்கே இருந்தது அரியலூர். ஒரே நாளில் 188 பேர்.

காரணம் சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை. அங்கே மூட்டை தூக்கவும், காய் தரம் பிரிக்கவும், கடைகளில் கணக்கு எழுதவும் போயிருந்த அரியலூர்ப் பிள்ளைகள், சந்தை மூடப்போகிறது என்று தெரிந்ததும் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தங்கவைத்து, மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். அதனால்தான் எண்ணிக்கை ஒரே நாளில் எகிறியது. யார் எந்த வண்டியில் வந்தார், எந்தத் தெருவில் இறங்கினார், இப்போது எந்த வீட்டில் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர் ஒருவர் ஊருக்குள் இருந்தார். ஊராட்சி மன்றத் தலைவர்.

ஊரடங்குக் காலத்து அரசியல்வாதி என்றால் நிவாரணப் பையில் அச்சாகியிருந்த முகம்தான் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது. அரிசியும் காய்கறியும் கொடுத்தவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பையைக் கொடுத்தவர் மாலையில் வீடு திரும்பினார். அந்த ஊரிலேயே படுத்து எழுந்த அரசியல்வாதி ஊராட்சித் தலைவர் ஒருவர்தான். அவருடைய உழைப்பை ஐந்தாண்டு முடிந்ததும் மறந்துவிட்டோம் என்பது என் ஆதங்கம். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் மறந்துவிட்டோம் என்பது அதைவிடப் பெரிய கவலை.

78 நாள் தலைவர்கள்

அரியலூர் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், கொள்ளிடத்தை ஒட்டிக் கிடக்கிறது தா.பழூர் ஒன்றியம். 33 ஊராட்சிகள். நிர்வாகத்துக்கு உடையார்பாளையம் வட்டம், சட்டமன்றத்துக்கு ஜெயங்கொண்டம், நாடாளுமன்றத்துக்குச் சிதம்பரம் என்று மூன்று திசையில் இழுபடுகிற பூமி. நல்லது கெட்டதுக்குப் போகிற பெரிய ஊர் கும்பகோணம். மதனத்தூர்–நீலத்தநல்லூர் பாலத்தைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம் வந்துவிடும். சாதாரண நாளில் அது ஒரு பாலம், அவ்வளவுதான். 2020 மே மாதத்தில் அது ஓர் எல்லை. இ-பாஸ் இல்லாமல் அக்கரைக்குப் போக முடியாது. மருத்துவத்துக்கும் மருந்துக்கும் கும்பகோணமே கதி என்று இருந்தவர்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தவித்தார்கள்.

அந்த நேரத்தில் தலைவர்களாக இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள்? முந்தைய உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் இல்லை. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களின் கிராமங்களில் வாக்குப்பதிவு நடந்தது. ஜெயித்தவர்கள் 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றார்கள். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. இடையில் இருந்தது 78 நாள்.

பீரோ சாவி கைக்கு வந்து, வங்கியில் கையெழுத்து மாதிரி கொடுத்து, எந்தக் கணக்கில் எவ்வளவு பணம் கிடக்கிறது என்று பார்த்து முடிப்பதற்கே போதாத காலம் அது. காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது, துணைத் தலைவரும் போட வேண்டும். தேர்தலில் எதிரெதிரே நின்ற இரண்டு குடும்பங்கள் அந்தப் பதவிகளில் உட்கார்ந்துவிட்டால், பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை வாங்குவதற்கும் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வேண்டியிருக்கும். இடங்களில் சரிபாதி பெண்களுக்கு. பலர் அதற்கு முன் ஒன்றிய அலுவலகப் படி ஏறாதவர்கள்.

ஒரு நல்லதும் இருந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு, சாவி, கத்தரிக்காய் என்று ஏதோ ஒன்றில் நின்று ஜெயித்து வந்தவர்கள். தனக்கு ஓட்டுப் போடாத தெரு எது என்று தலைவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலையில் தன் வீட்டு வாசலில்தான் குடம் வந்து நிற்கும் என்பதும் தெரியும்.

மாடு கறப்பது யார்?

கொள்ளிடக் கரையோர ஊராட்சி ஒன்றில் அந்த ஐந்தாண்டு தலைவராக இருந்த அக்கா ஒருவரைப் பார்த்துப் பேசினேன். பேச்சைவிட அவர் எடுத்துக் காட்டிய நோட்டுதான் எனக்கு நிறையச் சொல்லியது. நீளக் கணக்கு நோட்டு. ஊராட்சிச் செயலரும் இவரும் மாறி மாறி எழுதியது. வெளியூரிலிருந்து வந்தவர் பெயர், தகப்பனார் பெயர், எந்த ஊரிலிருந்து, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, காய்ச்சல் உண்டா இல்லையா என்று கட்டம் கட்டமாக ஓடுகிறது. இதெல்லாம் மேலேயிருந்து கேட்ட விவரங்கள். கடைசியில் ஸ்கேல் வைக்காமல் கையால் இழுத்த இன்னொரு கட்டம். தலைப்பு: ‘மாடு யார் கறக்கிறது.’

“ஏங்கா, இதுகூடவா கேட்டாங்க?”

“அவங்க எங்க தம்பி கேட்டாங்க, நாமளா போட்டதுதான். ஆம்பள முகாமுக்குப் போயிட்டா மாட்ட யாரு பாக்குறது? அதுக்கு ஒரு ஆளச் சொல்லலன்னா ராத்திரியே சுவரேறிக் குதிச்சு வீட்டுக்கு வந்துருவான். அப்புறம் முகாம் எதுக்கு, போலீசு எதுக்கு?”

தனிமைப்படுத்தல் எப்படி நடக்க வேண்டும் என்று கனமான வழிகாட்டி நூல்கள் வந்தன. இந்தக் கட்டம் அவற்றில் இருக்க முடியாது. ஒரு மனிதனை 14 நாள் ஓர் இடத்தில் இருக்கச் சொல்ல வேண்டுமானால், அவன் விட்டுவிட்டு வருகிற 14 நாளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அது அந்த மாட்டையும் கொட்டகையையும் அடுத்த வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதையும் அறிந்தவருக்கே கைவரும்.

அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் தொடங்குகிறது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். பஸ் நின்றுபோனதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக முடியாத கிழவர்களும் கிழவிகளும். அடையாளச் சீட்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பைக்கில் ஒரு பையனை அனுப்பி மொத்தமாக மாத்திரை வாங்கி வந்து தெருவாரியாகக் கொடுத்திருக்கிறார்கள். “மாத்திரை தப்புனா கொரோனா வேண்டாம் தம்பி, சர்க்கரையே கொண்டுபோயிரும்” என்றார் அக்கா.

மற்ற வேலைகளை எல்லா ஊரும் அறியும். பவர் ஸ்பிரேயர் வாடகைக்குப் பிடித்துத் தெருத்தெருவாக மருந்து அடித்தார்கள். ரேஷன் கடையில் 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வந்தபோது டோக்கன் வரிசைப்படி ஆட்களை அனுப்பினார்கள். கபசுரக் குடிநீர் காய்ச்சி ஊற்றினார்கள். நூறு நாள் வேலைக்கு அந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கூலி 256 ரூபாய். வேலை திரும்பத் தொடங்கியபோது ஆட்களை இடைவெளி விட்டு நிறுத்தி வருகை எடுத்தார்கள். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் வரும்வரை காத்திராமல், டெய்லர் கடையில் துணி வெட்டித் தைத்துக் கொடுத்த ஊராட்சிகள் உண்டு.

எல்லாத் தலைவர்களும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மனைவியின் பெயர்ப்பலகைக்குக் கீழே கணவர் ஆட்சி செய்த ஊர்கள் இருந்தன. பெருந்தொற்று நடுவிலேயே, 2020 அக்டோபரில், பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் பட்டியலினப் பெண் தலைவர் ஒருவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. அந்த நாற்காலிக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. மதிப்பு இல்லாத நாற்காலியில் உட்காரக்கூடாது என்று ஒருவரை யாரும் தடுக்க மாட்டார்கள்.

அதிகாரம் எங்கே இருக்கிறது?

நாடு முழுவதும் ஊரடங்குக்குத் துணை நின்ற சட்டங்களில் ஒன்று 1897-இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளையர் எழுதிய தொற்றுநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகள். மேலே இருக்கிற அரசு ஆணையிடும், கீழே இருக்கிற மக்கள் கட்டுப்பட வேண்டும். நடுவில் ஊர் என்று ஒன்று இருப்பதே அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

நம் அரசியல் சாசனத்துக்குத் தெரியும். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 29 துறைகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளிட்ட சுகாதாரம் 23-ஆவது. பொது விநியோகம் 28-ஆவது. ஊரடங்கில் ஊருக்குத் தேவைப்பட்ட இரண்டுமே அதில் அடக்கம். காகிதத்தில் இருக்கும் இந்த அதிகாரம் கைக்கு வந்திருந்தால் தா.பழூர்த் தலைவர்கள் ஒவ்வொன்றுக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.

கொடுத்துப் பார்த்த மாநிலங்களும் உண்டு. 2020 ஏப்ரலில் ஒடிசா, வெளிமாநிலங்களிலிருந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்தும் பணிக்காக ஊராட்சித் தலைவர்களுக்கு மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்தையே வழங்கியது. கேரளத்தில் ஊரடங்கு தொடங்கிய சில நாள்களிலேயே உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களும் சேர்ந்து சமுதாயச் சமையற்கூடங்களைத் திறந்தார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வார்டு உறுப்பினர் சொல்ல, பொட்டலம் வீட்டுக்குப் போனது. தமிழ்நாட்டுத் தலைவர்கள் அதே வேலையைச் செல்வாக்கையும் சொந்தக் காசையும் வைத்துச் செய்தார்கள். ஊர்ப் பேச்சு நடக்க வேண்டிய கிராம சபைக்கும் தொற்றைக் காரணம் காட்டிப் பூட்டு விழுந்தது. அந்த ஆண்டு மே 1 போனது, அக்டோபர் 2-உம் போனது.

ஆளில்லாத காலம்

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த 27 மாவட்டத் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடந்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: ஐந்தாண்டு முடியும் முன்பே புதிய மன்றத்துக்கான தேர்தல் முடிந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 2016-இல் நடந்ததுபோலவே பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் காரணம் இருக்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும் காலியாவது ஊராட்சி நாற்காலிதான். சட்டமன்றம் கலைந்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வேண்டும் என்று கொதிக்கிற நாம், ஊர் மன்றம் மூன்று ஆண்டு காலியாகக் கிடந்தபோது வாய் திறக்கவில்லை.

அலுவலர்கள் நன்றாகத்தானே பார்க்கிறார்கள், அரசியல் சண்டையும் கமிஷன் பேச்சும் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அலுவலர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பெருந்தொற்றில் அவர்களும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள். ஆனால் ஓர் ஒன்றியத்தின் ஊராட்சிகளை எல்லாம் ஒரே மேசையில் குவித்துவிட்டு, எந்தத் தெருவில் யார் மாடு கறக்கிறார் என்று அந்த மேசையில் இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என எப்படி எதிர்பார்ப்பது? இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டி எழுப்ப ஒரு வீடு வேண்டும். அந்த வீடு ஊருக்குள் இருக்க வேண்டும். தட்டினால் எழுந்து வராவிட்டால் அடுத்த முறை ஓட்டு இல்லை என்று சொல்கிற உரிமையும் ஊருக்கு இருக்க வேண்டும்.

2020 மார்ச்சை மூன்று மாதம் முன்னே நகர்த்திப் பாருங்கள். 2019 டிசம்பரில் ஊரடங்கு வந்திருந்தால் தா.பழூர் ஒன்றியத்தின் 33 ஊராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். கோயம்பேட்டிலிருந்து வந்த பிள்ளைகளை வீடு வீடாக அடையாளம் காட்ட ஆள் இருந்திருக்காது. நாம் தப்பித்தது வெறும் 78 நாள் வித்தியாசத்தில். அடுத்த தொற்று நம் தேர்தல் அட்டவணையைப் பார்த்துவிட்டு வராது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தாலும் இதே கதைதான்.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஊராட்சித் தேர்தல் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போகக்கூடாது. வரையறையும் ஒதுக்கீடும் பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். இரண்டாவது, பேரிடர் என்று அறிவித்த அன்றே, தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கூடித் தீர்மானித்துச் செலவழிக்க ஒரு சிறு நிதி ஒவ்வோர் ஊராட்சியிலும் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது, 2020-இல் தலைவர்களும் செயலர்களும் எழுதிய நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் சேகரித்து, புதிதாக வருகிற தலைவர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டும்.

இவர்கள் இருக்க வேண்டும் என்று ஊர் ஓட்டுப் போட்டு உட்காரவைத்தவர்கள் இருந்ததால் அந்த மே மாதத்தை அரியலூர் கடந்தது. அடுத்த முறையும் கடக்க வேண்டுமென்றால் அந்த நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது ஓட்டுப் போடுகிற நாம்தான். கேட்க வேண்டிய நேரம் தொற்று வருவதற்கு முன்பு.