தராசு ஜீரோ காட்டினா தேய்மானம் இல்லையா?

இன்னிக்கு ராக்கெட் எஞ்சினுக்குள்ள சுத்துற குட்டி உருண்டைகளைப் பத்திப் பேசலாம்.

ஸ்பேஸ் ஷட்டில் எஞ்சினில் திரவ ஆக்ஸிஜனைத் தள்ள ஒரு டர்போபம்ப் இருந்தது. உள்ளே மைனஸ் 183 டிகிரி குளிர். பேரிங்குக்கு எண்ணெய் விட முடியாது, ஆக்ஸிஜனோட சேர்ந்தா பத்திக்கும். அதனால் பழைய பம்பில் ஸ்டீல் உருண்டைகள் சீக்கிரம் தேய்ந்தன. 1995 ஜூலையில், எஸ்டிஎஸ்-70 பயணத்தில் முதன்முறை பறந்த புது பம்பில் சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக் உருண்டைகளைப் போட்டார்கள்.

சரி, செராமிக் எவ்வளவு தேயுதுன்னு எப்படி அளக்கிறது?

காலேஜ் ஃபைனல் இயர்ல, இதே செராமிக்கில் 10 மில்லிமீட்டர் உருண்டையை, சுத்துற ஸ்டீல் தட்டுல அழுத்தித் தேய்ச்சேன். முன்னாடி எடை, பின்னாடி எடை, வித்தியாசம் ஜீரோ. ‘தேய்மானம் இல்லை’ன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் கேட்ட ஒரே கேள்வி: “மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாத்தியாப்பா?”

பார்த்தோம். அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமா ஒரு தழும்பு!

கணக்கு இதுதான். தழும்பு விட்டத்தின் நான்காம் அடுக்கை பை-யால் பெருக்கி, உருண்டை ஆரத்தின் 64 மடங்கால் வகுக்கணும். வருவது சுமார் 0.0006 கன மில்லிமீட்டர். சிலிக்கான் நைட்ரைடு ஸ்டீலின் எடையில் பாதிகூட இல்லை. ஆக, போனது வெறும் 0.002 மில்லிகிராம். எங்க தராசு காட்டும் மிகக் குறைந்த அளவே 0.1 மில்லிகிராம், அதாவது 50 மடங்கு பெரிசு. ஆனா தழும்பு ரெண்டு மடங்கு அகலமானா கன அளவு 16 மடங்காகும். அதனால்தான் எடையை நம்பாம தழும்பை அளக்கிறாங்க.

இன்னொரு சிக்கல்: ஸ்டீல் துணுக்கு உருண்டையில் ஒட்டிக்கிட்டா, தேய்ஞ்ச உருண்டையின் எடை கூடவும் செய்யும்!

ஓடுற ஜெட் எஞ்சின்ல இன்னும் கஷ்டம். ஆயில்ல வர்ற இரும்புத் துகளைக் காந்தம் பிடிக்கும், செராமிக் துகளைப் பிடிக்காது. ஆயில் டெஸ்ட்ல சிலிக்கான் தெரிஞ்சாலும், அது வெளித்தூசியாகவும் இருக்கலாம். அதனால அதிர்வையும் சேர்த்தே கவனிக்கணும்.

ரிப்போர்ட்ல அந்த வரியை மாத்தினேன்: ‘எடை இழப்பு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே, தழும்பு 0.5 மில்லிமீட்டர்.’ இப்போ ஆபீஸ்ல யாராவது “லாக்ல எரரே இல்லை”ன்னா, லாக் எந்த லெவல்ல ஓடுதுன்னு முதல்ல கேக்கிறேன்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்!