அரசியல் நிர்ணய சபையில் இராமநாதபுரம் மாவட்டம்

இந்திய அரசியல் நிர்ணய சபை, காலனி ஆட்சியின் கீழேயே கூடி அந்த ஆட்சிக்குப் பின்வரும் சட்டத்தை எழுதத் தொடங்கிய அவையாகும். இதன் முதல் கூட்டம் 1946 டிசம்பர் 9 அன்று தில்லியில் நடந்தது. சென்னை மாகாணத்துக்கு 49 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர், தேவதானம் ஆகிய ஊர்கள் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்து விருதுநகரைச் சேர்ந்த கு. காமராசர் இச்சபையின் உறுப்பினராக இருந்தார். மாவட்டத்தின் மறுகோடியான செட்டிநாட்டிலிருந்து மு. அ. முத்தையா செட்டியாரும் இடம்பெற்றார்.

இவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களே ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தனர். அந்தச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கவும் சொத்து, வரி, கல்வி போன்ற தகுதிகள் வேண்டியிருந்தன. ஆகவே தேவதானத்தின் நிலமற்ற உழவர் பெரும்பாலோருக்கு, தம் உரிமைகளை எழுதியவர்களைத் தேர்வதில் பங்கே இல்லை. சபையின் மீது வைக்கப்படும் குறைகளில் வலுவானது இதுவே. ஆனால் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியதும் அதே சபைதான்.

அரசியலமைப்பு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது சென்னை அரசின் தலைமையில் இருந்தவர் இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா. 'பிரதமர்' என்ற அவரது பதவிப்பெயர் அப்போதுதான் 'முதலமைச்சர்' என மாறியது. அனைவரும் வாக்களித்த 1952 தேர்தலில் அவர் தோற்றார். காமராசர் திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றார்.